பழைய லொறியும் இளமைக்காலப் பாட்டும்

கொழும்பில் வசதி படைத்தோர் மத்தியில் ஒரு மோகம் வேரூன்றி வளர்ந்து வருகிறது. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட லொறிகளையும் கார்களையும் தேடிப்பிடித்து, துருவைச் சுரண்டி, பழைய வர்ணத்தையே மீண்டும் பூசி, முகப்புத் தகடுகளை மினுக்கி, ஞாயிறு காலைகளில் கொள்ளுப்பிட்டிச் சந்தியைக் கடந்து காலிமுகத்திடல்வரை ஓட்டிச் செல்வது அம்மோகத்தின் ஒரு பாதி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிவந்த மேலைத்தேய றொக் பாடல்களை அவ்வாகனத்துக்குள்ளேயே ஒலிக்கவிட்டு, 'எங்கள் காலத்துப் பாட்டு இது' என்று பெருமூச்செறிவது மறுபாதி. இரண்டும் ஒரே உணர்ச்சியின் இரு கிளைகள். இவற்றைப் பற்றி ஆங்கிலத்திலே நினைவுக் குறிப்புகள் நிறைய எழுதப்படுகின்றன. தமிழிலும் எழுதத் தொடங்கியிருக்கின்றனர். ஆதலால் இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட முடியாது. எழுத்தாக வடிவெடுத்துவிட்ட எந்த உணர்ச்சியும் விமர்சனத்துக்குரியதே.

இயந்திரத்தின்மீது மனிதன் கொள்ளும் அன்பை நாம் ஏளனம் செய்ய வரவில்லை. பழைய பெட்போர்ட் லொறியொன்றின் மூடியைத் திறந்து பார்த்தால் எது எதனை இயக்குகிறதென்பது கண்ணுக்குத் தெரியும். சாதாரணச் சாவிகள் நாலைந்தும் பொறுமையும் உள்ள ஒருவன் அதனைக் கழற்றிப் பூட்டிவிடலாம். இன்றைய வாகனத்தின் மூடியைத் திறப்பவனுக்குக் கறுப்பு உறையொன்றே காட்சி தருகிறது. அதற்குள்ளே நடப்பதை அறியக் கணினி வேண்டும். அக்கணினியோ கம்பனியின் கையில் இருக்கிறது. தான் பயன்படுத்தும் கருவியைத் தானே விளங்கிக்கொள்ள வேண்டுமென்ற ஆசை ஆரோக்கியமானது. பாட்டின்மீதுள்ள பற்றும் அத்தகையதே. பதினேழு வயதிலே செவியில் விழுந்து நெஞ்சிலே தங்கிவிட்ட பாட்டை எழுபது வயதிலும் ஒருவர் விரும்பிக் கேட்பாராயின், அதிலே குற்றம் காண்பவன் மனிதனை அறியாதவன்.

ஆயின், 'எங்கள் காலம்', 'எங்கள் இளமை' என்று பன்மையிலே பேசத் தொடங்கும்போது அந்த 'எங்கள்' யாரென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டாகிறது. ஒரு தனிமனிதன் தன் இளமையை நினைத்து ஏங்குவது அவனுடைய சொந்த விஷயம். ஒரு வர்க்கம் தன் இளமையை நாட்டின் இளமையாகக் காட்ட முற்படுமானால் அது சரித்திர விஷயமாகிவிடுகிறது.

இம்மோகத்தின் இரு பொருள்களும் எங்கே பிறந்தன என்பதை முதலில் நோக்குவோம். றொக் இசையைக் கொள்ளுப்பிட்டி மாளிகைகளின் விருந்து மண்டபத்து இசையாக இன்று கேட்போர், அதனைப் பெற்றெடுத்தோர் யாரென்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1954ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரிலே தன் முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது எல்விஸ் பிரெஸ்லி மின்சார வேலைக் கம்பனியொன்றின் லொறிச் சாரதியாக இருந்தார். லொறியும் றொக்கும் அவரிடத்திலே ஒரே சம்பளப் பட்டியலில் சந்தித்தன எனலாம். அவருக்கு வழிகாட்டிய இசையோ, பருத்தித் தோட்டங்களிலே முதுகொடிந்த கறுப்பின மக்களின் புளூஸ். டெற்றோயிற் நகரிலே 1959இல் மோட்டவுண் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடக்கிய பெரி கோர்டி, அதற்குமுன் கார்த் தொழிற்சாலையின் பொருத்து வரிசையில் நின்ற தொழிலாளி.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரை எடுத்துக்கொண்டால் இத்தொடர்பு இன்னும் நெருக்கமாகிறது. தகட்டுத் தொழிற்சாலையொன்றிலே வேலை செய்த டொனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞனின் வலக்கையில் இரு விரல் நுனிகளை 1965இல் இயந்திரம் துண்டித்தது. பிளாஸ்ரிக்கை உருக்கித் தானே செய்த விரலுறைகளை மாட்டிக்கொண்டு, இழுவை குறைந்த மெல்லிய நரம்புகளைக் கிற்றாரில் பூட்டி அவன் மீண்டும் வாசித்தான். பின்னாளில் சுருதியையும் தாழ்த்தினான். 1970இல் 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது உலகம் கேட்ட அந்தக் கனத்த நாதத்துக்குள்ளே தொழிற்சாலை விபத்தொன்று அடங்கியிருந்தது. அதே நகரின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்துதான் ஒஸ்ரின் ஏ40 கார் இலங்கைக்கு வந்தது. எழுபதுகளில் வேலைநிறுத்தங்களுக்குப் பேர்போனதாக விளங்கிய அத்தொழிற்சாலை 2005இல் கம்பனி முறிந்தபோது ஆயிரக்கணக்கானோரைத் தெருவிலே விட்டு மூடப்பட்டது. அந்நகரின் காரும் அந்நகரின் பாட்டும் ஒரே பட்டறைப் புகைக்குள்ளிருந்து வந்தவை. கடல் கடந்து நமது கரைக்கு வந்து சேர்ந்தபோது புகை கழுவப்பட்டுவிட்டது. மினுக்கம் மாத்திரம் எஞ்சியது.

இங்கே அவை யாரிடத்தில் வந்து சேர்ந்தன? அறுபதுகளில் காலிமுக ஹோட்டலின் நடன மண்டபத்திலே மிக்னொன் பெர்னாண்டோவும் ஜெட்லைனர்ஸ் குழுவினரும் மேலைத்தேயப் பாடல்களை வாசித்தனர். திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் வெளியான பாடல்களைச் சுடச்சுட ஒலிபரப்பியது. கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம் ஆகிய இடங்களின் ஆங்கிலம் பேசும் குடும்பங்களுக்கு இவை இளமைக்கால நினைவுகள். மறுக்கவில்லை. ஆனால் அதே டொரிங்டன் சதுக்கக் கட்டடத்தின் மற்றோர் அறையிலிருந்து தமிழ்ச் சேவை ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளி குடியிருப்புகளிலும், வெள்ளவத்தை நெசவாலையின் சுற்றுப்புறங்களிலும், தேநீர்க் கடைகளிலும் மக்கள் கேட்டது அதனை. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதற்குச் செவிசாய்த்தன. வெள்ளவத்தை நெசவாலை என்றவுடன் 1933ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் நம் நினைவுக்கு வருகிறது. கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் தொழிற்சங்க அரங்குக்கு வந்ததும், ஈராண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதும் அவ்வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியிலேதான். 'பழைய கொழும்பு' பற்றிய இன்றைய நினைவுக் குறிப்புகளிலே அந்த நெசவாலைக்கு இடமில்லை. நடன மண்டபம் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் தலைகாட்டுகிறது.

தமிழ்ப் பொப் இசையையும் இங்கே குறிப்பிட வேண்டும். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலானோர் பாடிய பாடல்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியையும் பைலாத் தாளத்தையும் கிற்றாரையும் ஒன்றாகக் கலந்தன. பைலாவோ போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் வந்து, கரையோர மக்களிடையே வேர்விட்ட ஆட்டப் பாட்டு. வொலி பஸ்ரியன் என்ற சாதாரணப் பொலிஸ்காரர் அதற்குப் புது வடிவம் கொடுத்தார். ஆக, சிங்களக் கரையோரத்தின் தாளத்திலே யாழ்ப்பாணத்துக் கேலியும் கிண்டலும் ஏறி உட்கார்ந்துகொண்டன. 'சுராங்கனி' என்ற பாட்டுச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்து, 1977இல் தமிழ்நாட்டுத் திரைப்படமொன்றிலும் புகுந்தது. இரு மொழி மக்களும் சேர்ந்து கைதட்டிய பாட்டுகள் நம் நாட்டிலே மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. படித்தவர்கள் பலர் இப்பாடல்களைத் தரங்குறைந்தவை என்று ஒதுக்கினர். அறுபதுகளின் தொடக்கத்தில் சிறுகதைகளிலே பேச்சுத்தமிழ் வந்தபோது 'இழிசனர் வழக்கு' என்று கூக்குரலிட்ட அதே மனோபாவம் இது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையிலே காலமானார். அவரது பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போர்னிலும் சிதறிக் கிடக்கிறது. அவர்களுடைய ஏக்கத்தைக் கொள்ளுப்பிட்டி ஏக்கத்தோடு ஒன்றாக எடைபோடுதல் தகாது. முன்னவர்கள் காலத்தை மட்டுமன்றி மண்ணையும் இழந்தவர்கள்.

லொறிக்கு வருவோம். அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் 1925இல் விலைக்கு வாங்கிய வொக்ஸ்ஹோல் கம்பனி, 1931 முதல் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் பெட்போர்ட் லொறிகளைச் செய்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்காக மாத்திரம் சுமார் இரண்டரை இலட்சம் லொறிகளை அது உற்பத்தி செய்தது. யுத்தத்தின் பின் அவ்வுற்பத்திச் சக்திக்குச் சந்தை வேண்டியிருந்தது. குடியேற்ற நாடுகளும், அப்போதுதான் விடுதலை பெற்ற நாடுகளும் அச்சந்தையாயின. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி அமைக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபைகூட, இலண்டன் வீதிகளில் ஓடிக் கழிந்த இரட்டைத்தட்டு பஸ்களைப் பெருந்தொகையாகக் கொண்டுவந்து ஓட்டியது. 1961இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் தன் முதல் ஏற்றுமதி லொறியை அனுப்பியதும் இலங்கைக்கே. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதி இறுகிற்று. 1977இன் பின் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டதும் யப்பானில் ஓடித் தேய்ந்தவை வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் மீண்டும் கதவு மூடப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது.

இவ்விதம் கதவு மூடியிருந்த ஒவ்வொரு காலத்திலும் பழைய வாகனங்களைச் சாகவிடாது காப்பாற்றியவர்கள் யார்? மருதானைப் பஞ்சிகாவத்தையிலே ஒரு முழு வட்டாரமே அதற்குச் சாட்சி. கழற்றிய இயந்திரங்களும் அச்சுகளும் பற்சில்லுகளும் கூரைவரை அடுக்கிக் கிடக்கும் அக்கடைகளுக்குப் பின்னாலே பட்டறைகள் உண்டு. இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுக்கவும், பொருந்தாத ஒன்றைத் தேய்த்துப் பொருத்தவும் அங்கே ஆளுண்டு. சிங்களத்திலும் தமிழிலும் 'பாஸ்' என்று மரியாதையாக அழைக்கப்படும் அத்தொழிலாளிகள் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர்களல்லர். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் எண்ணெய் படிந்த அதே தரையிலே குந்தியிருந்து தொழில் பழகினர். ஞாயிறு அணிவகுப்பிலே பரிசுக் கிண்ணம் பெறும் லொறியின் ஒவ்வோர் ஆணியும் அவர்கள் கைபட்டது. கிண்ணத்தின்மீது பொறிக்கப்படுவது உரிமையாளர் பெயர்.

ஒரு புகைப்படத்திலும் காணமுடியாத இன்னொருவன் உண்டு. அவன் கிளீனர். கடுகண்ணாவை ஏற்றத்திலே நெல்லோ தேயிலைப் பெட்டியோ ஏற்றிய லொறி மூச்சுவாங்கி நிற்கும்போது, கட்டையொன்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து இறங்கிப் பின்சில்லுக்கு அடியிலே வைப்பவன் அவன். கொதிக்கும் தண்ணீர்த் தாங்கியின் மூடியைச் சாக்குத் துணியால் பிடித்துத் திறப்பவனும் அவனே. ஒரு கணம் தப்பினால் கை வெந்துபோகும், காலும் நசுங்கலாம். பழைய லொறியின் 'கம்பீரத்தை' வருணிக்கும் நினைவுக் குறிப்பாளர்கள் அதன் கியர் மாற்றுவதற்குக் கிளச்சை இருமுறை மிதிக்க வேண்டுமென்பதை ஒரு கலையாகச் சொல்கின்றனர். ஒரு நாளிலே நூற்றுக்கணக்கான தடவை அப்படி மிதித்த முழங்காலைப் பற்றி அவர்கள் எழுதுவதில்லை. பணமின்றிச் செய்யும் வேலை விளையாட்டாகவும், பணத்துக்காகச் செய்யும் விளையாட்டு வேலையாகவும் மாறிவிடுவது முதலாளித்துவச் சமுதாயத்தின் விசித்திரம்.

மலையகத்திலே ஒரு லொறி உண்டு. கொழுந்து லொறி என்பது அதன் பெயர். மடுவத்திலே நிறுக்கப்பட்ட தேயிலைக் கொழுந்தைச் சாக்கு சாக்காக ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் அந்த லொறி, நோயாளியையும் ஏற்றும். பிரசவ வேதனையில் துடிக்கும் தாயையும் ஏற்றும். தோட்டத்திலே அம்புலன்ஸ் இல்லாத இடத்தில் அதுவே அம்புலன்ஸ். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னர் என்று அவர்களைச் சாக்குக் கணக்கிலேயே பங்கிட்டது. கொழும்பிலே ஜெட்லைனர்ஸ் குழுவின் இசைக்குக் கால்கள் ஆடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்த சி.வி. வேலுப்பிள்ளையின் பணியை நாம் மதிப்பது இதனாலேதான். அவர்களுக்கும் ஓர் இளமை இருந்தது, அதற்கும் பாட்டிருந்தது என்பதற்கு அது சான்று.

இனி, பழைய வாகனப் பிரியர்கள் பொன்னைப்போல் போற்றும் ஒரு பொருளைப் பற்றி. அது வாகனத்தின் இலக்கத் தகடு. வாகனம் முதன்முதல் பதிவானபோது கிடைத்த இலக்கமே இன்றும் இருந்தால் அதன் மதிப்பு உயர்கிறது. ஆங்கில எழுத்துகள் கொண்ட பழைய தகடும், அதற்குப் பின்வந்த 'ஸ்ரீ' எழுத்துத் தகடும் இவர்களிடையே தனித்தனிப் பெருமை பெற்றவை. இலக்கியத்தைப் படிப்பதுபோல் இத்தகட்டையும் படிக்கலாம். 1957 முதல் புதிய வாகனங்களின் இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. முந்திய ஆண்டிலே நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டம் இரும்புத் தகட்டிலே எழுதப்பட்ட வடிவம் அது. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 1958 மார்ச்சில், தேசியமயமாக்கப்பட்ட பஸ்கள் அவ்வெழுத்துடன் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அவ்வியக்கம் மீண்டும் கொழுந்துவிட்டது. வடக்கிலே ஸ்ரீ எழுத்தின்மீது தார் பூசப்பட்டது; தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகளின்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்திலே நாடெங்கும் இரத்தம் ஓடியது. பஸ் கம்பனி முதலாளிகளிடமிருந்து போக்குவரத்தை மக்களின் சொத்தாக்கிய முற்போக்கான செயலும், அம்மக்களில் ஒரு பகுதியினரைத் தம் மொழியில்லாத வாகனத்தில் ஏறச் சொன்ன பிற்போக்கான செயலும் ஒரே பஸ்ஸிலே ஏறி வந்தன. இடதுசாரிகளாகிய நாம் இந்த முரண்பாட்டை மறந்துவிடலாகாது. அத்தகட்டை மினுக்கித் துடைத்து அழகு பார்ப்பவர், தாம் துடைப்பது எதனை என்பதையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

தகட்டோடு இது முடியவில்லை. 1983 ஜூலையிலே இதே காலி வீதியில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும், கும்பல்கள் வாகனங்களை மறித்து அவற்றின் தாங்கியிலிருந்து பெட்ரோலை எடுத்தன. அந்தப் பெட்ரோல் தமிழர் வீடுகளையும் கடைகளையும் வாகனங்களையும் எரித்தது. கொழும்புத் தமிழரிடையே அறுபதாம் ஆண்டுக் காரொன்று குடும்பச் சொத்தாக இன்றும் நிற்பது ஏன் அரிதாயிற்று என்ற கேள்விக்கு விடையை மெக்கானிக்கிடம் கேட்பதிற் பயனில்லை. 'அந்தக் காலத்திலே நாமெல்லாரும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்' என்று தொடங்கும் நினைவுக் குறிப்பொன்றை வெள்ளவத்தையில் வாசிப்பவனுக்குச் சிரிப்பு வருகிறது. சில வேளைகளில் அதுவும் வருவதில்லை.

யாழ்ப்பாணத்துக்குச் செல்வோம். பழைய காரும் பழைய பாட்டும் உண்மையிலேயே ஒரு மக்கள் கூட்டத்தின் உயிரோடு பிணைந்திருந்த இடம் அது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெட்ரோல் தடை செய்யப்பட்ட பொருள். மின்சாரம் அறுந்தது. புதிய யப்பானிய வாகனங்கள் கொட்டில்களில் முடங்கின. அப்பொழுது தெருவுக்கு வந்தன ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் முதலிய கிழட்டுக் கார்கள். கார்புரேற்றருக்குள்ளே சில துளி பெட்ரோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். இதிலே மந்திரமொன்றுமில்லை. அவ்வியந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அவை முட்டிமோதலின்றி ஏற்றுக்கொண்டன. உயர் அழுத்தத்திலே இயங்கும் புதிய இயந்திரமாயின் அது இடியிடித்து உடைந்துபோகும். ஐம்பதாம் ஆண்டுகளின் ஆங்கிலேய எந்திரி, தரக்குறைவான பெட்ரோலை மனதிற்கொண்டு செய்த இயந்திரம், நாற்பதாண்டுகள் கழித்து முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு மக்களுக்குக் கைகொடுத்தது.

அந்தக் கார்கள் எவற்றையெல்லாம் ஏற்றவில்லை! நோயாளியை ஏற்றின, மணப்பெண்ணை ஏற்றின, பிரேதத்தையும் ஏற்றின. புகை நாறும், கண் எரியும், எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயைக் கெடுக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். அதைச் செய்யவும் ஆளிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே வெளியேறியபோது, மழையிலும் சேற்றிலும் நகர்ந்த அந்த மனித வெள்ளத்தின் நடுவே சைக்கிள்களோடும் உழவு இயந்திரங்களோடும் இக்கார்களும் நகர்ந்தன. சிலவற்றை ஓட்டினர், எரிபொருள் தீர்ந்தவற்றைத் தள்ளினர்.

பாட்டின் கதையும் இதுவே. பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலியும் கசெற்றும் இயங்கின. பி.பி.சி. தமிழோசையின் செய்தி அப்படித்தான் கேட்கப்பட்டது. செய்தி முடிந்தபின் ஒரு பழைய சினிமாப் பாட்டு. சுழற்றுபவனின் கை சோர்ந்தால் பாட்டின் சுருதியும் சோர்ந்துபோகும், கை மாறும், பாட்டு மறுபடியும் எழும். ஒரு பாட்டைக் கேட்க ஒரு பாட்டின் நேரம் உழைக்க வேண்டியிருந்த அந்தக் காலத்திலே இசையின் பெறுமதியை அறிந்தவர்கள் அங்கே இருந்தனர். பல்லாயிரம் ரூபா பெறுமதியான ஒலிபெருக்கியிலே அறுபதுகளின் றொக்கைக் கேட்டு 'இன்றைய இளைஞருக்கு இசையின் அருமை தெரியவில்லை' என்று குறைபடும் கனவான்களுக்கு இதனைச் சொல்லியாக வேண்டும்.

அப்படியாயின் இந்த மோகத்தை முற்றாக நிராகரிக்கிறோமா? இல்லை. பாகிஸ்தானிலே பெட்போர்ட் லொறிகள் அடைந்த கதியைப் பாருங்கள். அங்கே சாரதிகளும் ஓவியத் தொழிலாளிகளும் அந்த லொறியை மயில்களாலும் மலைகளாலும் கவிதை வரிகளாலும் நிரப்பித் தம் சொந்தமாக்கிக்கொண்டனர். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வாஷிங்டனில் நடத்திய நாட்டார் கலை விழாவுக்கு அத்தகைய லொறியொன்று கொண்டுபோகப்பட்டது. அதனை வரைந்த கராச்சித் தொழிலாளிகளும் அங்கே கூடவே நின்றனர். லொறியை மட்டும் காட்சிக்கு வைப்பதற்கும், லொறியோடு அதனைப் படைத்த கையையும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பஞ்சிகாவத்தை பாஸ் ஒருவர் காலிமுகத்திடலில் அத்தகைய மதிப்போடு நின்று, இந்தப் பற்சில்லை இப்படிக் கடைந்தேன் என்று மாணவர்களுக்குச் சொல்லும் நாள் வருமாயின் அந்த அணிவகுப்பைப் பார்க்க நாமும் முதல் ஆளாகப் போவோம்.

காலிமுகத்திடல் அணிவகுப்புக்கு மாத்திரம் உரிய இடமன்று என்பதையும் 2022 காட்டிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. ஜூன் இறுதியிலே சாதாரணப் பெட்ரோல் லீற்றர் 470 ரூபா. கொள்ளுப்பிட்டி முதல் கொட்டாஞ்சேனை வரை எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள். பழைய லொறியும் புதிய காரும் முச்சக்கர வண்டியும் வேறுபாடின்றி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வரிசையிலே காத்திருந்தே இறந்தவர்களும் உண்டு. அத்திடலிலே கூடாரமடித்த இளைஞர்கள் மே 18ஆந் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து கஞ்சி பகிர்ந்தனர். கொழும்பின் நடுவே சிங்கள இளைஞரும் தமிழ் இளைஞரும் சேர்ந்து அதைச் செய்தது சிறிய விஷயமன்று. அவர்கள் அங்கே பாடினர், ஆடினர். இன்னும் நாற்பதாண்டுகள் கழித்து அவர்களும் தம் இளமைக்காலப் பாட்டை நினைத்து ஏங்குவார்கள். அந்த ஏக்கத்திலே அடங்கியிருக்கப்போகும் சரித்திரம், நடன மண்டபத்து ஏக்கத்தில் இல்லாதது.

நினைவுக் குறிப்பு எழுத விழையும் மாணவரிடமும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. உங்கள் தந்தையார் ஓட்டிய லொறியைப் பற்றி எழுதுங்கள். அது என்ன நிறம் என்பதோடு, அதிலே என்ன ஏற்றப்பட்டது, யார் ஏற்றினார், ஒரு நடைக்கு என்ன கூலி, எந்தத் தடைமுகாமில் எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்பவற்றையும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய லொறிகள் ஏ9 வீதியிலே புறக்கோட்டைக்கு ஓடிய காலம் உண்டு. அவ்வீதி மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அந்த லொறிகளின் சாரதிகள் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர், கேட்பாரில்லை. அவர்கள் இரவுப் பயணங்களிலே தூக்கம் வராதிருக்கக் கேட்ட பாட்டுகள் எவையென்று யாராவது ஒருவர் சென்று கேட்டெழுதினால், அப்பட்டியல் நம் இசை வரலாற்றில் விடுபட்ட ஓர் அத்தியாயமாக அமையும்.

வன்னியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. 2009இன் முதல் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்த மக்கள் தம்முடைய லொறிகளையும் உழவு இயந்திரங்களையும் பஸ்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கடலோரம்வரை கொண்டுசென்றனர். புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அவை எரிந்தும் கவிழ்ந்தும் கிடந்தன. யுத்தம் ஓய்ந்தபின் துருப்பிடித்த அந்த வாகனக் குவியல்கள் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தெற்கிலிருந்து சுற்றுலா வந்தோர் அவற்றின் முன் நின்று படம் பிடித்தனர். அவற்றிலும் பழைய பெட்போர்ட்டுகள் இருந்திருக்கும், ஏ40களும் இருந்திருக்கும். அவற்றின் முதற் பதிவு இலக்கம் என்ன, வர்ணம் அசலானதா, முகப்புத் தகடு முழுமையாக உள்ளதா என்று அங்கே யாரும் குனிந்து பார்க்கவில்லை. பின்னர் அவை பழைய இரும்பாகப் போயின.